ஒரே கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்வது? வான்நோக்கர் மன்றத்தின் உதவி மேசை: ஒரு மதிப்புரை

நான் போய்வரும் அமெச்சூர் வானியல் மன்றம், பொதுமக்களுக்காக நடத்தும் வான்நோக்கு மாலைகளில், புதியவர்களுக்கென்று ஓர் உதவி மேசையை வைத்திருக்கிறது. தொலைநோக்கி வாங்கியவர், வாங்கப்போகிறவர், வாங்கியதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே தயங்குகிறவர் என யார் வேண்டுமானாலும் அங்கே வந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கட்டணம் கிடையாது, உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மேசையில் மங்கலான சிவப்பு விளக்கு ஒன்று, பதில் அட்டைகள் அடுக்கிய பெட்டி ஒன்று, கேள்விகளை எழுதி வைக்கும் குறிப்பேடு ஒன்று. அதற்குப் பின்னால் மன்றத்து உறுப்பினர் ஒருவர் அமர்ந்திருப்பார். வெளித்தோற்றத்தில் அவ்வளவுதான். ஆனால் எந்தப் பொழுதுபோக்குக் குழுவும் ஏதோ ஒரு கட்டத்தில் தடுமாறிப்போகும் சிக்கலை, அதாவது ஒரே கேள்வியை ஒவ்வொரு வாரமும் வேறு வேறு புதியவர்கள் வந்து கேட்கும் நிலையை, இந்த மேசை பெரும்பாலும் நன்றாகவே கையாளுகிறது என்பதால் இதை விரிவாக மதிப்பிட்டு எழுதத் தோன்றியது.

இந்தச் சேவையின் முதுகெலும்பு, மேசையில் அமர்கிறவர்கள் பின்பற்றும் ஒரு வரிசைமுறைதான். கேள்வி வந்தவுடன் பதில் சொல்லக் கூடாது. முதலில் சூழ்நிலையை அறிந்துகொள்ள ஒரே ஒரு எதிர்க்கேள்வி கேட்க வேண்டும். அடுத்து, வந்தவர் அன்றிரவே செய்து பார்க்கக்கூடிய பதிலை இரண்டு மூன்று வாக்கியங்களில் வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான், விரிவாகத் தெரிந்துகொள்ள விரும்பினால் வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று அட்டையைக் கொடுக்க வேண்டும். அட்டையை முதலில் நீட்டுவது இங்கே தவறாகக் கருதப்படுகிறது. "இதை ஏற்கெனவே பலபேர் கேட்டுவிட்டார்கள்" என்று சொல்வதும் அப்படியே.

ஒரு மாலையில் நேரில் பார்த்ததைச் சொன்னால் இந்த வரிசை ஏன் முக்கியம் என்பது விளங்கும். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் 60 மி.மீ. விட்டமுள்ள சிறிய தொலைநோக்கியைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். பெட்டியின் மேல் 525 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. "இது உண்மையிலேயே எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பது அவருடைய கேள்வி. தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இதைவிட அதிகமாகக் கேட்டிருக்கும் கேள்வி இருக்க முடியாது. பதிலும் எல்லோருக்கும் மனப்பாடம். பயன்படும் உருப்பெருக்கத்தின் மேல்வரம்பு, முகப்பு விட்டத்தின், அதாவது ஒளி உள்ளே நுழையும் முன்வாயின் அகலத்தின், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 2 மடங்கு. ஆகவே 60 மி.மீ. கருவிக்கு 120 மடங்கு. அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகுமே தவிர விவரம் கூடாது. இதைச் சொல்லி அனுப்பியிருந்தால் பதில் சரியானதாகவே இருந்திருக்கும். ஆனால் அவருக்கு அதனால் ஒரு பயனும் விளைந்திருக்காது.

மேசையில் இருந்த அம்மா அப்படிச் செய்யவில்லை. "இதுவரை இதில் எதையாவது பார்த்தீர்களா, சார்? எந்த ஐபீஸைப் போட்டுப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். ஐபீஸ் என்பது கண்ணை வைத்துப் பார்க்கும், கழற்றி மாற்றக்கூடிய சிறிய லென்ஸ் குழல். அவர் பையிலிருந்து 4 மி.மீ. ஐபீஸையும், அதோடு சேர்த்து மாட்டியிருந்த, உருப்பெருக்கத்தை இன்னும் கூட்டும் 3 மடங்கு பார்லோ லென்ஸையும் எடுத்துக் காட்டினார். நிலாவைத் தேடி இரண்டு இரவுகள் அலைந்தும் இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்ற செய்தி அப்போதுதான் வெளியே வந்தது. தொலைநோக்கியின் குவியத்தொலைவு 700 மி.மீ.; அதை ஐபீஸின் 4 மி.மீ. கொண்டு வகுத்தால் 175. பார்லோவின் 3 கொண்டு பெருக்கினால் 525. பெட்டியில் போட்டிருந்த எண் இப்படித்தான் பிறந்தது என்பதை அந்த அம்மா ஒரு தாளில் எழுதிக் காட்டி, பார்லோவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியில் தீண்டாமல் கிடந்த 20 மி.மீ. ஐபீஸை மாட்டச் சொன்னார். 700ஐ 20ஆல் வகுத்தால் 35 மடங்கு. முழு நிலாவும் அதைச் சுற்றிக் கொஞ்சம் வானமும் பார்வைக்குள் அடங்கும் அளவு அது. அவருடைய உண்மையான சிக்கல் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதல்ல, ஏன் எதுவுமே தெரியவில்லை என்பதுதான். அந்த ஒரு எதிர்க்கேள்வி இல்லாவிட்டால் அது மேசைக்கே வந்திருக்காது.

அதே மாலையில் கல்லூரி மாணவி ஒருவரும் "எத்தனை மடங்கு?" என்றே கேட்டார். அவரிடம் தொலைநோக்கி இல்லை. வாங்குவதற்காக இரண்டு கருவிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். உருப்பெருக்க எண்ணை வைத்து எது சிறந்தது என்று முடிவு செய்யலாம் என நினைத்திருந்தார். அவருக்குத் தேவைப்பட்ட பதில் வேறு: ஐபீஸை மாற்றினால் உருப்பெருக்கம் மாறிவிடும், ஆகவே அந்த எண்ணை விட்டுவிட்டு முகப்பு விட்டத்தையும், கருவியைத் தாங்கும் மவுண்ட் ஆடாமல் நிற்கிறதா என்பதையும் பாருங்கள் என்பது. பேரனோடு வந்த பெரியவர் ஒருவரும் அதே சொற்களில்தான் கேட்டார். பேச்சுக் கொடுத்தபோது, படங்களில் பார்க்கும் வண்ண வண்ண விண்முகில்களைப் பார்க்க எத்தனை மடங்கு வேண்டும் என்று அவர் தெரிந்துகொள்ள விரும்பியது புலப்பட்டது. அதற்கான பதில் உருப்பெருக்கத்தைப் பற்றியதே அல்ல. மங்கிய ஒளியில் நம் விழித்திரையின் கோல் செல்கள்தான் வேலை செய்கின்றன, அவற்றால் நிறத்தைப் பிரித்தறிய முடியாது. புகைப்படக் கருவியோ பல நிமிடங்கள், சில நேரம் பல மணிநேரம், ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. இப்படி மூன்று பேர், ஒரே சொற்கள், மூன்று வெவ்வேறு தேவைகள். "திரும்பத் திரும்ப அதே கேள்வி" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் சொற்களை மட்டும் எண்ணுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

அலுப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. தம் ஓய்வுநேரத்தைச் செலவழித்து, சம்பளமில்லாமல், ஆண்டுக்கணக்கில் அதே விளக்கத்தைச் சொல்லிவருகிறவருக்குக் களைப்பு வரத்தான் செய்யும். அந்தக் களைப்பை மனிதர்களின் நற்குணத்தை நம்பி விட்டுவிடாமல், ஏற்பாட்டின் மூலம் குறைத்திருப்பதுதான் இந்த மேசையின் இரண்டாவது சிறப்பு. ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே அமர்வதில்லை. முறை மாறியவுடன் அவர் தம் தொலைநோக்கிக்குத் திரும்பி, தமக்குப் பிடித்ததைப் பார்க்கப் போய்விடுகிறார். முகம் வாடியிருப்பவரை முறை முடிவதற்கு முன்பே எழுப்பிவிடும் பழக்கமும் உண்டு. பல குழுக்களில் ஒன்றிரண்டு மூத்தவர்கள் மீதே எல்லாக் கேள்விகளும் விழுகின்றன. அவர்கள் மெல்ல மெல்லக் கடுகடுப்பாகி, கடைசியில் அந்தக் கடுகடுப்பே குழுவின் முகமாகிவிடுகிறது. பொறுமையைப் பங்கிட்டுக்கொண்டால் அது தீர்ந்துபோவதில்லை என்பதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம்.

மேசையில் அமர்கிறவர்களில் கணிசமானோர், ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பு தாங்களே கேள்வியோடு அங்கே வந்தவர்கள். இது தற்செயலான ஏற்பாடல்ல. நன்றாகத் தெரிந்தவருக்கு, தெரியாத நிலை எப்படி இருக்கும் என்பது மறந்துபோகிறது. 1990ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை நடத்தினார். சிலர் எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தை விரலால் மேசையில் தட்ட வேண்டும். மற்றவர்கள் அது எந்தப் பாடல் என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள், கேட்பவர்கள் பாதிக்குப் பாதி சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் தட்டப்பட்ட 120 பாடல்களில் 3 மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. தட்டுகிறவரின் தலைக்குள் மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்கிறவரின் காதில் விழுவதோ வெறும் தட்டல். "பைண்டரை அலைன் பண்ணிட்டு, லோ பவர்ல சென்டர் பண்ணி, அப்புறம் மாத்துங்க" என்று ஒரு மூத்த உறுப்பினர் ஒரே மூச்சில் சொல்லும்போது, எதிரில் நிற்பவரின் முகத்தில் எதுவுமே பதியாமல் போவதற்குக் காரணம் இதுதான். போன வருடம் தொடங்கியவருக்கோ, தாம் எந்த இடத்தில் சிக்கிக்கொண்டோம் என்பது இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் அந்த ஒரே மூச்சு வாக்கியத்தை மூன்றாகப் பிரித்து, நடுவில் நிறுத்தி, சரிதானா என்று கேட்டுக்கொண்டு போகிறார்.

இந்த முறையில் ஆபத்தும் இருக்கிறது. புதிதாகக் கற்றவர் சில நேரம் அளவுக்கு மீறி உறுதியாகப் பேசிவிடுவார். இளைஞர் ஒருவர், கண்ணாடிகளைக் கொண்டு ஒளியைத் திரட்டும் எதிரொளிப்புத் தொலைநோக்கி வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் பயன்படுத்துவதற்கு முன்பு கண்ணாடிகளைக் கட்டாயம் சரிசெய்தே ஆக வேண்டும் என்று சொல்லி, வந்தவரைப் பயமுறுத்திவிட்டார். பின்னால் நின்ற மூத்தவர், "சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது, விலகியிருந்தால் மட்டும் திருகினால் போதும்" என்று ஒரு வரி சேர்த்தார். இளைஞரைத் திருத்துவதாகக் காட்டிக்கொள்ளாமல், பதிலை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்துகொண்டார். இப்படிப் பின்னால் ஒருவர் இருக்கும்வரை இளையவர்கள் பதில் சொல்வது நல்லதே.

அனுபவமுள்ள ஒருவர் புதியவர் ஒருவரின் கையைப் பிடித்து அழைத்துப்போகும் வழக்கம் பொழுதுபோக்கு உலகில் பழையது. அமெச்சூர் வானொலிக்காரர்கள் அப்படிப்பட்டவரை "எல்மர்" என்று அழைக்கிறார்கள். அவர்களுடைய "கியூஎஸ்டி" இதழில், 1971 மார்ச் மாதம், ராட் நியூகர்க் எழுதிய பத்தியிலிருந்து அந்தப் பெயர் பரவியது. புதியவர்களுக்கு வழிகாட்டுகிறவர்களை அதில் அவர் எல்மர் என்று குறிப்பிட்டிருந்தார். வானியலில் ஜான் டாப்சன் இன்னொரு வழியைக் காட்டினார். 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய நடைபாதை வானியலாளர்கள் குழுவோடு, தெருவோரத்தில் பெரிய தொலைநோக்கிகளை நிறுத்தி, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் பார்க்க அழைத்து, அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவந்தார். இன்று உலகெங்கும் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் எளிய மரத் தாங்கி அவர் பெயரால்தான் டாப்சோனியன் என்று வழங்குகிறது. முன்பின் அறியாதவர் கேட்கும் அதே கேள்வியைத் தம் வேலைக்கு இடைஞ்சலாகக் கருதாமல், அதையே வேலையாக எடுத்துக்கொண்டவர் அவர். நான் மதிப்பிடும் இந்த மேசை, இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில் நிற்கிறது: தெருவோரத்தைப் போல எவரும் வரலாம், ஆனால் ஒரே ஆள் கடைசிவரை கூட வருவதில்லை. பின்னதை ஒரு குறையாகவே பார்க்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி அட்டைகள். பெரும்பாலான அட்டைகளின் தலைப்பு, புதியவர் உண்மையில் பேசும் சொற்களிலேயே இருக்கிறது. "எல்லாம் இருட்டாகவே தெரிகிறது", "பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்துவிடுகிறது", "தலைகீழாகத் தெரிகிறதே, பழுதா?" என்றெல்லாம் தலைப்பிட்டிருக்கிறார்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் "முதலில் தேடிப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்" என்ற வழக்கமான அறிவுரை எங்கே பொய்த்துப்போகிறது என்றால், தேடுவதற்குச் சரியான பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்தான். பைண்டர் (இலக்கைத் தேட மேலே மாட்டியிருக்கும் சிறிய துணைத் தொலைநோக்கி) விலகியிருக்கிறது என்று தெரிந்தவருக்கு அதைச் சரிசெய்யும் வழியும் அநேகமாகத் தெரிந்திருக்கும். தெரியாதவருக்குத் தெரிவது இருட்டு மட்டும்தான்.

"எல்லாம் இருட்டாகவே தெரிகிறது" அட்டை இந்தப் பெட்டியிலேயே மிகச் சிறந்தது. ஒரு பக்கத்துக்குள் ஐந்து காரணங்களை, எளிதில் சோதிக்கக்கூடியதிலிருந்து தொடங்கி, வரிசையாகத் தருகிறது. முன்மூடியின் நடுவிலுள்ள சிறிய மூடியை மட்டும் கழற்றிவிட்டுப் பெரிய மூடியை அப்படியே விட்டிருக்கலாம், மிகக் குறைந்த மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டிருக்கலாம், பார்லோ மாட்டியிருக்கலாம், போகஸ் வெகுதூரம் விலகியிருக்கலாம், பைண்டரும் தொலைநோக்கியும் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கடைசிக் காரணத்துக்கு, பகலில் தொலைவிலுள்ள ஒரு கோபுரத்தையோ மரத்தின் உச்சியையோ முதலில் தொலைநோக்கியின் நடுவில் கொண்டுவந்து, பிறகு பைண்டரின் திருகுகளைத் திருப்பி அதே உச்சியைக் குறுக்குக்கோட்டின் மேல் கொண்டுவரச் சொல்கிறது. கோபுரம் ஓடிப்போகாது, விண்மீன் ஓடும் என்று காரணமும் தருகிறது. அடைப்புக்குறிக்குள், சூரியன் இருக்கும் பக்கம் கருவியைத் திருப்பவே கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. எழுதியவர் புதியவர்களோடு நெடுநேரம் நின்றிருக்கிறார் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

சூரியனைப் பற்றிய கேள்வி ஒன்றுக்கு மட்டும் மேசையின் வரிசைமுறை பொருந்தாது. அதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். பழைய தொலைநோக்கி ஒன்றோடு கிடைத்ததாகச் சொல்லி, ஐபீஸில் திருகி மாட்டும் கறுப்புக் கண்ணாடி வடிகட்டியைக் கொண்டுவந்து ஒருவர் காட்டியபோது, எதிர்க்கேள்வி எதுவும் கேட்கப்படவில்லை. "இதைப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்" என்பது முதல் வாக்கியமாகவே வந்தது. தொலைநோக்கி திரட்டிய சூரிய ஒளி முழுவதும் அந்தச் சிறிய கண்ணாடியில் குவிவதால் அது சூடேறி வெடிக்கக்கூடும், பார்வை போய்விடும். சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த வடிகட்டியைத் தொலைநோக்கியின் முன்முகப்பில், ஒளி உள்ளே நுழைவதற்கு முன்பே, முழுமையாக மூடிப் பொருத்த வேண்டும், பைண்டரையும் மூடிவிட வேண்டும் என்ற விளக்கம் பிறகு வந்தது. இந்தப் பதிலை ஆயிரம் முறை சொன்னாலும் அலுத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் இதற்கான அட்டை பெட்டியின் நடுவில் எங்கோ செருகியிருந்தது. அது முன்னால், வேறு நிறத்தில், கேட்காமலேயே கையில் கொடுக்கும்படி இருக்க வேண்டும்.

அட்டைகளில் எனக்குச் சற்றும் நிறைவு தராதது "முதல் தொலைநோக்கி எதை வாங்கலாம்?" என்பது. மேசைக்கு வரும் கேள்விகளில் உருப்பெருக்கத்துக்கு அடுத்தபடியாக அடிக்கடி வருவது இதுதான். இதற்கான அட்டையோ நான்கு பக்கம். லென்ஸ் கொண்ட ஒளிவிலகல், கண்ணாடி கொண்ட எதிரொளிப்பு, இரண்டும் கலந்த வகை என்று மூன்று ஒளியியல் அமைப்புகளின் விளக்கத்தோடு தொடங்குகிறது. வாங்கலாமா வேண்டாமா என்றே முடிவு செய்யாதவர் முதல் பக்கத்தைத் தாண்டமாட்டார். வாயால் சொல்லும்போது அதே மேசையினர் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறார்கள் என்பதைக் கேட்டிருக்கிறேன்: முதலில் எங்கள் தொலைநோக்கிகளில் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள், அவசரம் என்றால் 7×50 அல்லது 10×50 (7 அல்லது 10 மடங்கு, 50 மி.மீ. விட்டம்) பைனாகுலர் ஒன்றோடு தொடங்குங்கள், நிலாவின் பள்ளங்களும் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளும் அதிலேயே தெரியும், நீங்கள் வசிக்கும் இடத்தில் மாடிப்படி ஏற வேண்டுமென்றால் உங்களால் தூக்க முடிந்த எடையை முதலில் பாருங்கள். அட்டையும் இப்படித்தான் தொடங்க வேண்டும். தவிர, அதை எப்போது எழுதினார்கள், கடைசியாக யார் சரிபார்த்தார்கள் என்ற குறிப்பு அதில் இல்லை. கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும் துறையில் தேதியில்லாத வாங்கும் ஆலோசனையை நம்பச் சொல்வது முறையல்ல.

குறிப்பேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வந்த கேள்வியை வந்தவரின் வாய்ச்சொல்லிலேயே, திருத்தாமல், பெயர் எழுதாமல் அதில் பதிந்து வைக்கிறார்கள். மாதக் கடைசியில் மூன்று நான்கு பேர் உட்கார்ந்து அதைப் படிக்கிறார்கள். ஒரே கேள்வி பலமுறை வந்திருந்தால், கேட்டவர்களைக் குறை சொல்வதில்லை. அந்தக் கேள்வி ஏன் பிறக்கிறது என்று பார்க்கிறார்கள். டாப்சோனியன் தொலைநோக்கிக்கு முன்னால் வரிசையில் வந்து நின்றவர்களில் பலர், குழாயின் கீழ்ப்பக்கம் குனிந்து "எங்கே கண்ணை வைக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். குழாயின் அடிப்பகுதியில் இருப்பது கண்ணாடி. ஐபீஸ் மேல்முனையில் பக்கவாட்டில் இருக்கிறது. பழகாதவருக்கு அது எப்படித் தெரியும்? மன்றத்தார் ஐபீஸுக்குப் பக்கத்தில் சிவப்பாக மங்கி ஒளிரும் சிறிய வளையம் ஒன்றை மாட்டினார்கள். கேள்வி அடங்கிவிட்டது. "ஏன் நகர்ந்துவிடுகிறது?" என்ற கேள்விக்கும் இப்படியே ஒரு தீர்வு கிடைத்தது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், 100 மடங்கில் அரைப் பாகை அகலமுள்ள பார்வைப்பரப்பை வியாழன் இரண்டே நிமிடங்களில் கடந்துவிடுகிறது. ஆகவே வரிசையில் நிற்பவர்களுக்குக் குழாயை எப்படி மெல்லத் தள்ளுவது என்று முன்கூட்டியே காட்டிவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்வி என்பது, ஏற்பாட்டில் எங்கோ ஓர் இடம் சரியில்லை என்று வந்தவர்கள் சொல்லும் தகவல். இதை இவ்வளவு ஒழுங்காகச் சேகரித்துப் பயன்படுத்தும் பொழுதுபோக்குக் குழுவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, மூத்த உறுப்பினர்கள் மேசைக்கு முன்னாலேயே தங்களுக்குள் வாதம் தொடங்கிவிடுவது. ஒருவர் முதல் கருவியாக ஒளிவிலகல் தொலைநோக்கியைப் பரிந்துரைத்தார். அருகில் நின்றவர் அதே தொகைக்கு அதிக விட்டம் கிடைக்கும் டாப்சோனியன்தான் என்று குறுக்கிட்டார். நிறப்பிறழ்ச்சி, கண்ணாடிப் பூச்சு என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. கேள்வி கேட்ட பெண் சிறிது நேரம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிக் கிளம்பிவிட்டார். இருவர் சொன்னதும் சரியானதே. ஆனால் அவருக்குக் கிடைத்தது, இந்தப் பொழுதுபோக்கில் எதையும் முடிவு செய்ய முடியாது என்ற எண்ணம் மட்டும்தான். ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது மற்றவர் மாற்றுக் கருத்தைப் பிறகு, மேசைக்கு அப்பால் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் நன்றாக இருக்கும். பதிலில் தவறு இருந்தால் குறுக்கிடலாம். விருப்பம் வேறாக இருப்பதற்காகக் குறுக்கிட வேண்டியதில்லை.

இரண்டாவது குறை எனக்கு இதைவிடக் கவலை தருவது. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, சனிக்கோளின் வளையம் சில ஆண்டுகளில் மெலிந்துபோவது ஏன் என்று நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டாள். மேசையில் இருந்தவர் பதிலை அவளுடைய அப்பாவைப் பார்த்துச் சொன்னார். சனி சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகின்றன, அந்தச் சுற்றில் இருமுறை வளையத்தின் விளிம்பு நம்மை நோக்கித் திரும்புகிறது, 2025லும் அப்படித் திரும்பியது என்று அழகாகத்தான் விளக்கினார். சிறுமி பாதியில் வேறுபக்கம் திரும்பிவிட்டாள். கேட்டவரைப் பார்த்துப் பதில் சொல்வது எவ்வளவு அடிப்படையான மரியாதை! கணவரோடு வரும் பெண்களுக்கும் இதே அனுபவம் நேர்வதைக் கவனித்திருக்கிறேன். மேசைப் பயிற்சியில் இதை வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டும்; தானாகத் தெரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, தொடர்ச்சி இல்லாமை. சென்ற முறை பதில் சொன்னவர் இந்த முறை இருப்பதில்லை. ஆகவே வந்தவர் தம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. குறிப்பேட்டில் பெயர் எழுதாதது சரியே. ஆனால் விரும்புகிறவர்களுக்கு ஒரு துண்டுச்சீட்டில் "என்ன கருவி, என்ன சிக்கல், எதைச் செய்து பார்க்கச் சொன்னோம்" என்று எழுதிக் கையில் கொடுத்தால் போதும். அடுத்த முறை யார் அமர்ந்திருந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உழைக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பவர்களைப் பற்றிய பழைய மனத்தாங்கலும் இதனால் தீரும். சொன்னதைச் செய்து பார்க்காமல் அதே கேள்வியோடு வருகிறவர்கள் உண்டு என்பது உண்மை. அவர்களை இந்த மேசை விரட்டுவதில்லை. புதிய விளக்கமும் கொடுப்பதில்லை. "பகலில் பைண்டரைச் சரிசெய்து பார்த்தீர்களா? கோபுரம் நடுவில் வந்ததா?" என்று கேட்டு, அங்கேயே கருவியை எடுக்க வைத்து, அவர் கையாலேயே செய்ய வைக்கிறார்கள். பெரும்பாலும் சோம்பல் என்று நாம் நினைத்தது, உடைத்துவிடுவோமோ என்ற பயமாக இருக்கிறது. திருகைத் தொட்டுத் திருப்பிய பிறகு அவர்கள் பேச்சே மாறிவிடுகிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தொலைநோக்கியை மட்டும் கொண்டுபோகாமல், பெட்டியில் வந்த ஐபீஸ், மூடி, திருகு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். தேவையற்றது என்று நீங்கள் வீட்டில் வைத்துவிட்டு வருவதுதான் அங்கே தேவைப்படும். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனால் பைண்டரை வெளிச்சத்திலேயே சரிசெய்து தருகிறார்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும் என்பதால், கைப்பேசியைப் பையில் வைத்துவிடுவது நல்லது. மேகமூட்டமான மாலைகளில் பலர் வராமலே இருந்துவிடுகிறார்கள். ஆனால் வாங்குவது, பராமரிப்பது பற்றிய நீண்ட கேள்வி இருந்தால் அன்றுதான் போக வேண்டும். வானத்தில் பார்க்க ஒன்றும் இல்லாததால் மூத்தவர்கள் எல்லோரும் மேசையைச் சுற்றித்தான் இருப்பார்கள். அரை மணி நேரம் பேசினாலும் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. வாங்கும் ஆலோசனை அட்டையை மட்டும் அவர்கள் திருத்தி எழுதும்வரை வாங்கிப் படிக்க வேண்டாம். அந்தக் கேள்வியை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.